சாட்சி வெளிக்கிப் போய் வந்தார்

பிரம்மதேசம் பக்கத்தில் அம்சாவைப் பார்த்து யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டால் அவள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். "ரெண்டு தபா போனாருங்க" என்பாள். கேட்டவர் உள்ளூர்க்காரர் என்றால் "அப்பாடா" என்று நடையைக் கட்டுவார். வெளியூர்க்காரர் என்றால் யார் போனார், எங்கே போனார், அதென்ன இரண்டு தடவை என்று முழித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு விளக்கிச் சொல்ல அம்சாவுக்கு நேரம் கிடையாது. மல்லாட்டைக் காட்டில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களை நிற்கும்.

போனது அவள் புருஷன் துரைக்கண்ணு. போனது வெளிக்கி. காலைக்கடன் என்று புத்தகத்தில் கௌரவமாக எழுதுகிறார்களே, அதற்கு எங்கள் பக்கத்தில் வெளிக்கிப் போவது என்று பேர். ஒரு மனுஷன் வெளிக்கிப் போனானா இல்லையா என்று ஊரே விசாரித்து, அது திண்டிவனம் கோர்ட் வரைக்கும் போய் அங்கே தாளிலும் ஏறியது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அம்சாவுக்கு அது சிரிப்பாக இருந்ததில்லை.

ஓமந்தூர்ப் பக்கம் பிறந்தவள். மூன்றாம் வகுப்பு வரை படித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தப்பாக எழுதவும் கற்றுக்கொண்டவள். தாய்மாமன் மகன் துரைக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. பிள்ளை இல்லை. சொந்த நிலம் நாலு ஏக்கர், அதில் மல்லாட்டையும் கேப்பையும். துரைக்கண்ணு சாராயம் தொடாதவர், பீடி கிடையாது, பேச்சும் அளவுதான். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் கறி. கறி என்று காதில் விழுந்தால் மனுஷன் வேலையைப் போட்டுவிட்டு வருவார்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவர் ஏர் ஓட்டிக்கொண்டு இருக்கும்போதே குபுக்கென்று ரத்தமாக வாந்தி எடுத்தார். புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈரலுக்குப் போகிற ரத்தக் குழாயில் பிறவியிலேயே அடைப்பாம். வயிற்றைக் கிழித்து, ஒரு குழாயை இன்னொரு குழாயோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். ரத்தம் நின்றது. போகும்போது டாக்டர் ஏதோ சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். அம்சா அழுதுகொண்டு இருந்ததால் காதில் வாங்கவில்லை. துரைக்கண்ணு காதில் வாங்கினார். பிடிக்காத சேதி என்பதால் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஆடி மாசம், ஒரு காது குத்து விருந்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், மூன்றாம் நாள் காலையில் தொழுவத்தில் காளைக்கு முன்னால் கை கட்டி நின்றார். "தாசில்தார் ஐயா, பட்டாவுல பேரு தப்பாக்கீது" என்று அதனிடம் மனுக் கொடுத்தார். காளை தலையை ஆட்டியது. அவர் கும்பிட்டுவிட்டு, தன் சட்டையைக் கழற்றி அதன் கொம்பில் மரியாதையாகப் போர்த்திவிட்டு வந்தார். மறுநாள் கிணற்றுக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டச் சொன்னால் இரண்டு கையும் கோழி இறக்கை அடிப்பதுபோல் படபடவென்று அடித்தன.

பூசாரி பெரியசாமி வந்து அந்தக் கையைப் பார்த்தார். "இது திருநீறு குடுக்கிற கை. முனீஸ்வரன் வந்து ஒக்காந்துக்கினு கீறாரு. கெடா கேக்கறாரு" என்றார்.

கெடா வெட்டினார்கள். பூசையில் முதல் பங்கு யாருக்கு? சாமி இறங்கியிருக்கிற ஆளுக்கு. ஈரலும் நெஞ்செலும்பும் துரைக்கண்ணு இலையில் விழுந்தன. அதற்குள் பூசைக்காக அவரை இரண்டு நாள் பட்டினி போட்டதில் வயிறு காலியாகித் தெளிந்திருந்தார். ஊரே முனீஸ்வரனைக் கையெடுத்துக் கும்பிட்டது. நாலாம் நாள் அவர் மூன்று மரக்கால் உப்பை எடுத்துக்கொண்டு போய் உழுத நிலத்தில் விதைத்தார்.

"ஒரு கெடா பத்தல" என்றார் பெரியசாமி.

இப்படி மூன்று வருஷத்தில் ஐந்து கெடா. ஒவ்வொன்றுக்கும் முந்திய பட்டினியில் அவர் தெளிவார். ஒவ்வொன்றின் கறியிலும் மறுபடி கலங்குவார். ஐந்து கெடாவையும் வளர்த்தவள் அம்சா. பெரியசாமியைக் குறை சொல்வதற்கு இல்லை. அவர் வைத்தியத்தில் பாதி சரியாகத்தான் இருந்தது. இலை போட்ட பாதிதான் வினை.

தெளிந்ததும் துரைக்கண்ணு, "எனக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்பார். அவருக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. "ஜுரம்" என்பாள் அம்சா. தாசில்தாரையும் உப்பையும் அவள் சொன்னதே இல்லை. ஊராரையும் சொல்லவிடவில்லை. ஒருத்தன் வாய் தவறி, "இன்னா துரைக்கண்ணு, உப்பு மொளச்சுதா?" என்று கேட்டதற்கு, அவன் வீட்டு வாசலில் போய் நின்று அம்சா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எண்பத்து நாலில்தான் விழுப்புரத்தில் டாக்டர் கிருஷ்ணசாமியிடம் கூட்டிப் போனாள். அவர் வயிற்றுத் தழும்பைப் பார்த்தார், படபடக்கும் கையைப் பார்த்தார், அம்சா பக்கம் திரும்பினார்.

"மோஷன் போனாராம்மா?"

"இல்லீங்க. நாங்க வேற எங்கியும் போவல. பிரம்மதேசத்துல பஸ் ஏறி நேரா இங்கதான் வர்றோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். "வெளிக்கி போனாரான்னு கேக்கறேன்."

"அதுவா? அது நாலு நாளாச்சுங்க." அம்சாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தால் இந்த ஆள் எதைக் கேட்கிறான் பார் என்று கோபமும் வந்தது.

டாக்டர் ஒரு தாளில் குடலை வரைந்தார். குடலுக்குள்ளே கோடிக்கணக்கான கிருமிகள் குடும்பம் நடத்துகின்றன. நாம் தின்பதில் அவையும் தின்கின்றன. தின்றுவிட்டு ஒரு விஷத்தை விடுகின்றன. எல்லாருக்கும் அந்த விஷத்தை ஈரல் பிடித்துச் சுத்தம் பண்ணிவிடும். இவருக்கு ஆபரேஷனில் ரத்தத்தை ஈரல் பக்கம் விடாமல் குறுக்கு வழியில் திருப்பி விட்டார்கள். அதனால் விஷம் நேரே தலைக்குப் போய் உட்காருகிறது. கறி அதிகமானால் விஷம் அதிகம். வயிறு கட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

"அப்போ முனீஸ்வரன் இல்லீங்களா?"

"இல்லம்மா. கிருமி."

அம்சா அவர் வரைந்த குடலை உற்றுப் பார்த்தாள். "அதுங்களுக்கா அஞ்சு கெடா வெட்டனோம்?" என்றாள்.

பாகு மாதிரி தித்திக்கிற ஒரு மருந்தும், கிருமியை அடக்க மாத்திரையும் கொடுத்தார் டாக்டர். கூழும் மோரும் குடிக்கலாம், கறி கூடாது, தினம் இரண்டு தடவை வெளிக்கிப் போயாக வேண்டும். தினம் காலையில் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். ஆடாமல் நின்றால் தலை தெளிவு, அடித்தால் உடனே கூட்டிக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் நாள்வாரியாகக் குறித்து வைக்கவும் சொன்னார்.

வீடு மரக்காணம் ரோட்டின் மேலேயே இருந்ததால் இந்தக் கைப் பரீட்சையில் ஒரு பேஜாரு. துரைக்கண்ணு வாசலில் நின்று கையைத் தூக்கினால் ஏழு மணி பஸ் நின்றுவிடும். கண்டக்டர் முதல் வாரம் திட்டினார். பிறகு பழகிப்போய், "இன்னிக்கு கை ஸ்டெடியா கீதும்மா" என்று அவரே சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

குறித்து வைக்க, திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் கொடுத்த தினசரிக் காலண்டர் இருந்தது. அன்றன்றைய தாளில் எத்தனை தடவையோ அத்தனையை அம்சா எழுதுவாள். இல்லையென்றால் சுழி. கிழித்த தாளை எறியாமல் கம்பியில் குத்தி வைப்பாள். ஒன்று விடாமல் குறித்தாள். துரைக்கண்ணு தெளிந்தார், மல்லாட்டை விளைந்தது. நடுவில் எண்பத்தைந்து மாட்டுப் பொங்கலுக்கு எவன் வீட்டிலோ திருட்டுத்தனமாகக் கறி தின்று நாலு நாள் கலங்கியதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் அவர் தங்கை தையல்நாயகிக்குப் பத்திரம் எழுதினார். அவள் புருஷன் செத்து, மாமியார் வீட்டில் விரட்டி, அண்ணன் வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகக் காட்டில் மாடாக உழைத்தவள். கிணற்று ஓரம் ஒரு ஏக்கரை அவள் பேருக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்தார் துரைக்கண்ணு. அம்சாதான் பக்கத்தில் நின்று எங்கே கையெழுத்து என்று காட்டினாள்.

தம்பி சக்கரபாணிக்கு இது பொறுக்கவில்லை. அண்ணனுக்குப் பிள்ளை இல்லாததால் நாலு ஏக்கரும் நாளைக்குத் தன் பிள்ளைகளுக்கு என்று அவன் மனசுக்குள் வரப்பே போட்டு வைத்திருந்தான். அண்ணனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, பைத்தியம் எழுதின பத்திரம் செல்லாது என்று வழக்குப் போட்டான். அதையும் அண்ணன் பேரிலேயே போட்டான். பைத்தியக்காரருக்காக அவர் தம்பி நடத்தும் வழக்கு என்று சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதாம். தோற்றால் தையல்நாயகி தெருவுக்கு வருவாள். துரைக்கண்ணு என்ற மனுஷன் இனிமேல் என்ன சொன்னாலும், எதில் கையெழுத்துப் போட்டாலும் எடுபடாது. அம்சாவுக்கு இரண்டாவதை நினைத்துத்தான் சோறு இறங்கவில்லை.

எண்பத்தேழு மாசி மாசம் விசாரணை. டாக்டர் கிருஷ்ணசாமி முந்தின வாய்தாவிலேயே வந்து, கிருமியையும் குடலையும் பற்றிச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு இவர்கள் முறை. டவாலி போட்ட சேவகர் வெளியே வந்து தொண்டையைத் திறந்தார்.

"வாதி, புத்தி சுவாதீனம் இல்லாத துரைக்கண்ணு! துரைக்கண்ணூ! துரைக்கண்ணூ!"

துரைக்கண்ணு கோர்ட் வாசல் மரத்தடியை விட்டு அசையவில்லை.

"மாமா, உன்னத்தான் கூப்புட்றாங்க" என்றாள் அம்சா.

"புத்தி இல்லாதவன இல்ல கூப்புட்றாங்க? நான் போனா ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்மே."

"போவலன்னா வரலன்னு எழுதிடுவாங்க. ஜல்தி எழுந்திரு."

அவர் எழுந்து வாசற்படியில் போய் நின்று சொன்னார்: "துரைக்கண்ணு வந்துக்கீறேனுங்க. அதுக்கு முன்னாடி சொன்ன ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

முன்சீப் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "அவர் பேரை மட்டும் கூப்பிடுப்பா" என்று சேவகரிடம் சொன்னார்.

முதலில் அம்சா கூண்டில் ஏறினாள். சக்கரபாணியின் வக்கீல் ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனம். மாட்டைத் தாசில்தார் என்று கூப்பிட்டது உண்மையா? உண்மைங்க. உப்பு விதைத்தது? உண்மைங்க. கிணற்றுக்குள் ஆள் பேசுவதாகச் சொன்னது? உண்மைங்க. ஒவ்வொரு உண்மைக்கும் கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அம்சா புருஷன் பக்கம் பார்க்காமலேயே பதில் சொன்னாள். பார்க்காவிட்டால் என்ன? அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஜுரம் என்று மூடி வைத்ததையெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் சிரிக்கச் சிரிக்க அவள் வாயாலேயே அவிழ்க்க வேண்டியதாயிற்று.

அடுத்து காலண்டர் தாள்கள். பத்திரம் எழுதிய 1985 செப்டம்பர் 12, வியாழக்கிழமைத் தாளில் "2" என்று எழுதியிருந்தது. முந்தின நாள் 3. அதற்கும் முந்தின நாள் 2.

வக்கீல் அந்தத் தாளை வாங்கி ஆராய்ந்தார். முகம் மலர்ந்தது. "வாதி துலாம் ராசி. இந்தத் தாளிலேயே துலாத்துக்கு அன்றைக்கு என்ன பலன் போட்டிருக்கு பாருங்கள். குழப்பம்!"

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "நானும் துலாம்தான். அன்றைக்கு மூன்று தீர்ப்பு எழுதியிருப்பேன். மேலே போங்க."

வக்கீல் விடவில்லை. இதெல்லாம் வழக்குக்காக உட்கார்ந்து எழுதிய கணக்கு என்றார். தாள்கட்டை வாங்கிப் புரட்டினார். எண்பத்தைந்து தை மாசத்தில் நாலு சுழி வரிசையாக வந்தது. நாலாவது தாளில் சுழிக்குப் பக்கத்தில் 'யார்' என்று ஒரு வார்த்தை இருந்தது.

"இதென்ன? யார்?"

முன்சீப், "சொல்லும்மா" என்றார்.

"அன்னிக்கு அவரு என்னியப் பாத்து யாரு நீன்னு கேட்டாருங்க. அத எழுதி வெச்சேன்." அவள் முன்சீப்பை நேராகப் பார்த்தாள். "பொய்யா எழுதறவ இத எதுக்குங்க எழுதப் போறேன்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அம்சா இறங்கும்போது துரைக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அடுத்து அவர் கூண்டில் ஏறினார். வக்கீல் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தேன் வடிய ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இன்னிக்கு நீங்க போனீங்களா?"

முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அன்றைக்கு அவர் போகவில்லை. போனேன் என்றால் பொய்ச் சாட்சி. போகவில்லை என்றால் இப்போதே புத்தி சரியில்லை என்று வக்கீல் குதிப்பார். போனேன்னு சொல்லித் தொலை மாமா என்று அம்சா மனசுக்குள் கும்பிடாத சாமி இல்லை. முனீஸ்வரனைக்கூடக் கும்பிட்டாள்.

"இல்லீங்க" என்றார் துரைக்கண்ணு.

வக்கீல் கையை விரித்துக் கோர்ட்டைச் சுற்றிலும் பார்த்தார். "கனம் கோர்ட்டார் கவனிக்கணும். சாட்சியே ஒத்துக்கொள்கிறார். இவர் இப்போது சொல்வது எதையும்..."

"ஐயா," என்று துரைக்கண்ணு முன்சீப்பைப் பார்த்துக் கும்பிட்டார். "நேத்து ரெண்டு தபா போனேனுங்க. ஒரு வேளை தள்ளிப் போனா ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரே சொல்லிக்கீறாரு. ஆனா இவரு கேட்டதும் இப்ப வருதுங்க. நீங்க உத்தரவு குடுத்தா போய்ட்டு வந்து மிச்சத்தச் சொல்றேனுங்க."

கோர்ட்டில் எழுந்த சிரிப்பில் டைப்பிஸ்ட் மேஜையில் கவிழ்ந்துகொண்டார். வக்கீல் மட்டும் சிவந்துபோய், சாட்சியை நடுவில் வெளியே விட்டால் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்று ஆட்சேபித்தார்.

"அங்கே யார் வந்து சொல்லிக் கொடுக்கப் போறாங்க?" என்றார் முன்சீப். "சந்தேகமா இருந்தா நீங்க கூடப் போய்ட்டு வாங்க."

வக்கீல் போகவில்லை. கால் மணி நேரம் கழித்துத் துரைக்கண்ணு முகம் கழுவிக்கொண்டு வந்து கூண்டில் ஏறினார். யாரும் கேட்காமலே கையை நீட்டி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். கை கல் மாதிரி நின்றது.

"சரி, எதுக்குத் தங்கைக்கு எழுதினீங்க?" வக்கீலின் குரலில் கனம் குறைந்திருந்தது.

"அந்தக் காட்டுல ஆறு வருசம் பாடுபட்டவ அவதாங்க. அவளுக்குன்னு ஒரு மண்வெட்டியத் தவிர ஒண்ணும் இல்ல. நல்ல புத்தியிலதான் குடுத்தேன். கெட்ட புத்தின்னா நானே வெச்சிக்கினு இருந்திருப்பேன்."

முன்சீப் மற்றதோடு, சாட்சி இடையில் அனுமதி பெற்று வெளியே போய் வந்தார் என்றும் குறித்துக்கொள்ளச் சொன்னார். டைப்பிஸ்ட் நம்ம பக்கத்து ஆள். 'வெளிக்கிப் போய் வந்தார்' என்று அடித்து வைத்தார். அது இன்னமும் அந்த வழக்குக்கட்டில் அப்படியே இருக்கும்.

தீர்ப்புக்கு ஒரு மாசம் ஆனது. அந்த ஒரு மாசமும் துரைக்கண்ணு அம்சாவிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. காலையில் கையைக் காட்டுவார், எத்தனை தடவை என்று சொல்வார், காட்டுக்குப் போவார். தாசில்தாரைப் பற்றிக் கேட்கவில்லை, உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஊர் சிரிக்க மானத்தை வாங்கிவிட்டாள் என்று நினைக்கிறாரோ என்று அம்சா உள்ளுக்குள் வெந்துகொண்டு இருந்தாள்.

முன்சீப் தீர்ப்பைப் படித்தார். வாதி பத்திரம் எழுதிய நாளிலும் சரி, சாட்சி சொன்ன நாளிலும் சரி, தெளிந்த புத்தியோடு இருந்தார், பத்திரம் செல்லும். தையல்நாயகி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சக்கரபாணி வெளியே வந்து அண்ணனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், "காப்பி சாப்புட்றியாண்ணே?" என்றான். "பால் கொஞ்சமாப் போடச் சொல்லு" என்றார் துரைக்கண்ணு.

மத்தியான பஸ்ஸில் மரக்காணத்துக்குத் திரும்பும் மீன்காரப் பெண்களின் காலிக் கூடைகள் வழியெல்லாம் கிடந்தன. தையல்நாயகி முன்னால் உட்கார்ந்து தூங்கிப்போனாள். பின் சீட்டில் துரைக்கண்ணு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் உன்ன யாருன்னா கேட்டேன்?"

அம்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு மாசமா கேக்காம இன்னிக்கி இன்னா?"

"கோர்ட்டுல புத்தி இருக்குதுன்னு சொல்ற வரைக்கும் உன்னக் கேள்வி கேக்க எனக்கு வாய் வரல. சொல்லு. யாருன்னு கேட்டேனே, நீ இன்னா சொன்ன?"

"உன் பொஞ்சாதின்னு சொன்னேன்."

"அதுக்கு நான் இன்னா சொன்னேன்?"

அதை அவள் காலண்டரிலும் எழுதவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை.

"என்னிய மேலுங்கீழும் பாத்த. 'இவ்ளோ லட்சணமான பொம்பள எனக்குப் பொஞ்சாதியா? நான் குடுத்து வெச்சவன்'னு சொன்ன." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "கட்டிக்கினு வந்து பத்தொம்போது வருசத்துல நீ அப்பிடிச் சொன்னது அது ஒரு தபாதான் மாமா. அதுவும் நாலு நாளா வெளிக்கி போவாதப்ப."

துரைக்கண்ணு காது வரைக்கும் சிவந்தார். பஸ் பிரம்மதேசத்துக்குத் திரும்புகிற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்காக எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அதுவும் செல்லும்."